உமிக்கரி, மூங்கிலுப்பு, நானோ துளை: சிலிக்கா மருந்து சுமக்க வந்த கதை

பற்பசை வந்து சேர்வதற்கு முன்னால் கொங்கு நாட்டு வீடுகளில் பல் துலக்க வேப்பங்குச்சி இருக்கும். இல்லாவிட்டால் உமிக்கரி இருக்கும். நெல் உமியைக் கருக்கி, கொஞ்சம் உப்புச் சேர்த்துப் பொடித்து ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். கரிதான் பல்லை வெளுக்க வைக்கிறது என்று பலரும் நினைத்திருந்தார்கள். ஆனால் பல்லைத் தேய்த்தது கரி மட்டுமல்ல, உமிக்குள் ஒளிந்திருந்த சிலிக்காவும்தான். இன்று கடையில் விற்கும் பற்பசை அட்டையைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலும் சிலிக்கா இருக்கும். பாட்டிமார்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். காரணம்தான் தெரியாது.

பொருள் கையில் இருக்கிறது, அது என்னவென்று தெரியவில்லை. துளையுள்ள சிலிக்காவின் வரலாறு முழுக்க இதே கதைதான். நாட்டு வைத்தியரும் அதைக் கையில் வைத்திருந்தார், அமெரிக்க பல்பு கம்பெனியும் வைத்திருந்தது, பெட்ரோல் கம்பெனியும் வைத்திருந்தது. அதற்குள் மருந்தை ஏற்றி அனுப்பலாம் என்று ஒருவருக்குத் தோன்ற 2001 வரை ஆயிற்று.

முதலில் ஒரு நியாயமான பயத்தைப் பேசிவிட வேண்டும். கோவையில் சிலிக்கா என்றால் நினைவுக்கு வருவது ஃபவுண்டரி மணல். இங்கிருந்து நாடு முழுக்கப் போகும் பம்புகளின் உடல் மணல் அச்சில் வார்க்கப்படுவது. அந்த மணலின் நுண்தூளை வருடக்கணக்கில் மூச்சில் இழுத்தவர்களுக்கு சிலிகோசிஸ் வரும். நுரையீரலில் வடு விழுந்து, மூச்சு வாங்கி, காசநோயும் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும். அந்த வடுவை ஆற்றும் மருந்து கிடையாது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சிலிகோசிஸை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கல் குவாரியிலும், போர்வெல் ஓட்டும் இடத்திலும் பறக்கும் தூசுக்கும் இதே குணம்தான். அப்படியிருக்க, அந்த சிலிக்காவையே மருந்து வண்டியாக்கி உடம்புக்குள் அனுப்புவதா? "ஏனுங்க, இது நாயமுங்களா?" என்று கேட்கத்தான் தோன்றும்.

விடை அடுக்கில் இருக்கிறது. ஒரு சிலிக்கான், இரண்டு ஆக்சிஜன் என்ற கணக்கு எல்லா சிலிக்காவுக்கும் பொது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம். அதன் அணுக்கள் அணிவகுப்பு போல ஒழுங்காக நிற்கும், தூளின் முனைகள் கூர்மையாக இருக்கும், உடம்பில் லேசில் கரையாது. நுரையீரலைப் பதம் பார்ப்பது இதுதான். உமியிலும் மூங்கிலிலும் இருப்பதோ படிகமாகாத சிலிக்கா. அது உடம்பின் ஈரத்தில் மெல்ல மெல்லக் கரைந்து சிலிசிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறக் கூடியது. அதனால் அது முற்றிலும் சாது என்று அர்த்தமில்லை. துகளின் அளவு, மேற்பரப்பு, கொடுக்கும் அளவு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் ஃபவுண்டரித் தூசும் இதுவும் ஒன்றல்ல.

சரி, மூங்கிலுக்கு வருவோம்.

சத்தியமங்கலத்திலும் ஆனைமலையிலும் மலையடிவாரத்தில் முள் மூங்கில் வளர்கிறது. சில மூங்கில்களை வெட்டி ஆட்டினால் உள்ளே ஏதோ கலகலக்கும். பிளந்து பார்த்தால் கணுக்களுக்கு இடையே வெள்ளையாகவோ நீலம் பாய்ந்த மாதிரியோ சிறு கட்டிகள் கிடக்கும். இதுதான் மூங்கிலுப்பு. வடமொழியில் வம்சலோசனம், அரபியில் தபாஷீர். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் நம் வைத்தியர்கள் கொடுத்தார்கள். அரபு, பாரசீக மருத்துவர்களும் இந்தியாவிலிருந்து வாங்கிப் பயன்படுத்தினார்கள். ஆயுர்வேதத்தின் சிதோபலாதி சூரணத்தில் கற்கண்டு 16 பங்கு, மூங்கிலுப்பு 8 பங்கு, திப்பிலி 4, ஏலம் 2, இலவங்கப்பட்டை 1. அதாவது சூரணத்தில் கிட்டத்தட்ட கால்வாசி இந்த மூங்கில் கட்டிதான்.

இதை ஐரோப்பியர்களுக்கு விவரமாக எழுதிய ஆசாமி பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். சென்னை மாகாணத்தில், விசாகப்பட்டினத்தில் இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கை ஆய்வாளராக வேலை பார்த்தார். பாம்புகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவரும் இவரே. கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இவர் பெயர்தான்! மூங்கிலுப்பைப் பற்றி இவர் ஜோசப் பேங்ஸுக்கு எழுதிய கடிதம் 1790-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. கூடவே மாதிரிகளும் கப்பலேறின.

மாதிரிகளைச் சோதித்தவர் ஜேம்ஸ் மேசி என்ற இளம் வேதியியலாளர். அமிலத்தில் போட்டார், சூடாக்கினார், காரத்தோடு உருக்கினார். 1791-ல் முடிவை வெளியிட்டார். செடிக்குள் பிறந்த இந்தக் கட்டி உப்புமல்ல, சர்க்கரையுமல்ல, கல்லில் இருக்கும் அதே சிலிக்கா மண். லண்டனில் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த ஒரு மூங்கிலில் கிடைத்த கூழாங்கல் போன்ற கட்டியையும் அவர் விட்டுவைக்கவில்லை. செடி கல்லைச் செய்யும் என்பது அன்று பெரிய ஆச்சரியம். இந்த மேசிதான் பிற்காலத்தில் தன் பெயரை ஜேம்ஸ் ஸ்மித்சன் என்று மாற்றிக்கொண்டவர். அவருடைய சொத்தில்தான் 1846-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் உருவானது.

அடுத்து வந்தவர் டேவிட் ப்ரூஸ்டர். கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் என்றால் சட்டென்று புரியும். 1819-ல் அவர் மூங்கிலுப்பை ஒளியில் வைத்துப் பார்த்தார். ஒரு துளி தண்ணீர் விட்டால் கட்டி இன்னும் வெளுத்து மங்கலாகிறது. தண்ணீருக்குள்ளேயே போட்டால் குமிழி குமிழியாகக் காற்றை விட்டுவிட்டுக் கண்ணாடி மாதிரி தெளிந்துவிடுகிறது. எண்ணெயையும் குடிக்கிறது. எல்லாவற்றையும் விட விசித்திரம், அது ஒளியைத் தண்ணீரை விடக் குறைவாக வளைத்தது. ஒரு கல் தண்ணீரை விடக் குறைவாக ஒளியை வளைக்க வேண்டுமானால் அந்தக் கல்லில் கல்லை விடக் காற்றே அதிகம் இருக்க வேண்டும். அதாவது கட்டி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். துளைக்குள் திரவத்தை ஏற்றலாம், இறக்கலாம். 1819-லேயே இவ்வளவும் தெரிந்துவிட்டது!

இந்த இடத்தில் "பார்த்தீர்களா, நம் முன்னோர்களுக்கு நானோ மருத்துவம் அன்றே தெரியும்" என்று ஒரு கோஷ்டி கிளம்பும். ஆசையாகத்தான் இருக்கிறது. திப்பிலியின் காரமான பைப்பரின் நீரில் கரைய மறுக்கும் சரக்கு, பக்கத்திலேயே துளை நிறைந்த சிலிக்கா, இரண்டையும் சேர்த்துப் பொடித்தால் கதை தானாக எழுதிக்கொள்ளும். ஆனால் வைத்தியர்கள் மூங்கிலுப்பை மதித்தது குளிர்ச்சி தரும் மருந்து என்றுதான், வேறு மருந்தைச் சுமக்கும் பாத்திரம் என்று அல்ல. வைத்தியர் கண்டது பலனை, ப்ரூஸ்டர் கண்டது துளையை. இரண்டையும் இணைத்துப் பார்த்தவர் யாரும் அன்று இல்லை. பெருமைப்பட மூங்கிலுப்பே போதும், இல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை. (நல்ல மூங்கிலுப்பு அரிதாகிவிட்டதால் கடைச் சரக்கில் வேதிப்பொருளால் செய்த போலியும், கூவை மாவும் அந்தப் பெயரில் உலவுவது தனிச் சோகம்.)

இனி ஆய்வகம். முதல் உலகப் போர்க் காலத்தில் விஷவாயு முகமூடிகளுக்காக ஆராயப்பட்ட பொருள்களில் ஒன்று சிலிக்கா ஜெல். வால்டர் பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதைத் தயாரிக்கும் முறைக்கு 1919-ல் காப்புரிமை வாங்கினார். புதுச் செருப்பு டப்பாவில் "தின்னாதே" என்ற எச்சரிக்கையோடு வருமே சின்னப் பொட்டலம், அதுதான். ஈரத்தை உறிஞ்சுவதில் கெட்டி. ஆனால் அதன் துளைகளில் ஒழுங்கு இல்லை. ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று முட்டுச்சந்து. மருந்தை அளந்து ஏற்றி அளந்து இறக்க வேண்டுமானால் எல்லாத் துளையும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும்.

அந்த ஒழுங்கான துளை பிறந்த கதை வேடிக்கையானது. பல்பு தயாரிக்கும் சில்வேனியா நிறுவனத்து ஆட்கள் மூவர் எடை குறைந்த சிலிக்கா ஒன்றைச் செய்து 1971-ல் காப்புரிமை வாங்கினார்கள். வாங்கியதோடு சரி, கோப்பு தூங்கிப் போனது. 1990-ல் ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் குரோடா குழுவினர் கனெமைட் என்ற அடுக்குக் கனிமத்திலிருந்து சீரான துளையுள்ள சிலிக்காவைச் செய்தார்கள். 1992 அக்டோபரில் மொபில் எண்ணெய் நிறுவனத்தின் ஐந்து ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எம்.சி.எம்-41 என்ற பொருளை அறிவித்தார்கள். தேன்கூடு போல அறுகோண வரிசையில் துளைகள். அகலத்தை 1.6 நானோமீட்டரிலிருந்து 10 நானோமீட்டர் வரை வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம். உலகமே திரும்பிப் பார்த்தது. 1997-ல் பிரான்சில் சிலர் அந்தப் பழைய சில்வேனியா காப்புரிமையைத் தூசு தட்டி, அதில் சொன்னபடியே செய்து பார்த்தார்கள். வந்தது அச்சு அசலாக எம்.சி.எம்-41! பல்பு கம்பெனி இருபது வருடம் முன்பே செய்து வைத்துவிட்டு, என்ன செய்தோம் என்று தெரியாமலே இருந்திருக்கிறது.

அந்தத் துளை எப்படி விழுகிறது? கோவைக்காரர்களுக்கு இது மிகச் சுலபமாகப் புரியும். பம்பு உடலின் உள்ளே தண்ணீர் ஓடும் குடைவு எப்படி வருகிறது? அச்சுக்குள் மணலால் செய்த கோர் ஒன்றை வைத்து, சுற்றிலும் உருகிய இரும்பை ஊற்றி, இறுகியபின் கோரைத் தட்டி உதிர்த்துவிடுவார்கள். கோர் இருந்த இடம் குடைவு. இங்கே கோர் வேலையைச் செய்வது சோப்பு போன்ற ஒரு வேதிப்பொருள். தண்ணீரில் அளவு மிஞ்சினால் அதன் மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்துக்கொண்டு குச்சி குச்சியாகக் கூடும். அந்தக் குச்சிகளைச் சுற்றி சிலிக்கா இறுகும். பிறகு சுமார் 550 டிகிரி செல்சியஸில் சுட்டால் சோப்பு எரிந்து போய்விடும், குச்சி இருந்த இடம் துளை. ஃபவுண்டரியில் கோர்தான் சிலிக்கா, இங்கே கோரைச் சுற்றி இருப்பது சிலிக்கா. அவ்வளவே வித்தியாசம்.

துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் எவ்வளவு பரப்பு வரும்? ஒரு கிராம் எம்.சி.எம்-41-ல் ஆயிரம் சதுர மீட்டர் வரை. காட்டுக்காரர் பாஷையில் சொன்னால் 25 சென்ட். ஒரு சிட்டிகைப் பொடிக்குள் கால் ஏக்கர் பூமி!

மொபில்காரர்களுக்கு இந்தப் பூமி வேண்டியிருந்தது கச்சா எண்ணெயின் பெரிய மூலக்கூறுகளை உடைக்க. மருந்து அவர்கள் எண்ணத்திலேயே இல்லை. ஆனால் மருந்துத் துறைக்கு நெடுநாளாக ஒரு தலைவலி இருந்தது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் மருந்துகளில் நிறைய நீரில் கரைவதில்லை. விழுங்கினால் பாதிக்கு மேல் அப்படியே வெளியேறிவிடும். புற்றுநோய் மருந்துகளின் பிரச்சினை நேர்மாறு. அவை ரத்தத்தில் கலந்து ஊர் முழுக்கச் சுற்றும், கட்டியைத் தாக்குவதோடு தலைமுடியையும் குடலையும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்துத் தாக்கும். கோவையோ ஈரோடோ, கீமோ வார்டுக்குப் போய் வந்த குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மருந்தை மூடி எடுத்துப் போய், போக வேண்டிய இடத்தில் மட்டும் திறந்துவிடும் ஒரு பாத்திரம் கிடைத்தால் கொடுக்க வேண்டிய மருந்தின் அளவே குறையலாம்.

2001-ல் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் மரியா வாயெத்-ரெகி குழுவினர் எம்.சி.எம்-41-ஐ எடுத்து ஐபுப்ரோஃபென் கரைசலில் ஊற வைத்தார்கள். ஆம், தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் சாப்பிடும் அதே ஐபுப்ரோஃபென். அதன் மூலக்கூறின் நீளம் சுமார் ஒரு நானோமீட்டர், துளைக்குள் தாராளமாக நுழையும். பொடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் மருந்தை ஏற்றிக்கொண்டது. பிறகு உடல் திரவத்தைப் போன்ற கரைசலில் போட்டபோது அதைச் சிறுகச் சிறுக விட்டது. ப்ரூஸ்டர் மூங்கிலுப்பில் தண்ணீரையும் எண்ணெயையும் ஏற்றிப் பார்த்து 182 வருடம் கழித்து, அதே வேலையை மருந்தைக் கொண்டு ஒருவர் செய்தார்.

அதன்பின் ஓட்டம்தான். 2003-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் விக்டர் லின் குழுவினர் துளையின் வாயில் கதவே வைத்துவிட்டார்கள். காட்மியம் சல்ஃபைடு துகள்களால் துளையை அடைத்து, குறிப்பிட்ட வேதிப்பொருள் வந்தால் மட்டும் கதவு கழன்று விழும்படி செய்தார்கள். காட்மியமே விஷம், அதை வைத்து மருந்துக்குக் கதவு போடுவதா என்று கேட்கலாம். கதவு வைக்க முடியும் என்று காட்டியதுதான் அங்கே முக்கியம். கதவுச் சரக்கைப் பின்னால் வந்தவர்கள் மாற்றினார்கள். புற்றுக்கட்டியைச் சுற்றி அமிலத்தன்மை கொஞ்சம் கூடுதல் என்பதால் அமிலம் பட்டால் திறப்பது, வெளிச்சம் பட்டால் திறப்பது, சூட்டுக்குத் திறப்பது என்று விதவிதமான கதவுகள் வந்தன.

எலியில் வேலை செய்வதெல்லாம் மனிதனில் வேலை செய்யாது என்பது மருந்து வரலாற்றின் பழைய பாடம். 2011-ல் அமெரிக்காவில் கார்னல் பல்கலைக்கழகத்தில் உருவான மிகச் சிறிய சிலிக்கா துகள்களை மனிதர்களில் சோதிக்க அனுமதி கிடைத்தது. ஆனால் அவை துளையில்லாதவை, கட்டியைப் படம் பிடிக்கச் சாயம் சுமந்தவை. துளையுள்ள சிலிக்கா மனித வயிற்றுக்குப் போன சோதனை ஒன்றின் முடிவு 2016-ல் வெளியானது. ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஃபெனோஃபைப்ரேட் நீரில் கரையாத மருந்து. அதைத் துளைகளில் ஏற்றி ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்தபோது ரத்தத்தில் சேர்ந்த அளவு சாதாரண மருந்தை விடச் சுமார் ஒன்றரை மடங்கு இருந்தது. வாய்வழி மருந்தில் இது நல்ல செய்தி. ஆனால் புற்றுநோய்க்கு ஊசியில் ஏற்றும் துளைத் துகள்கள் இன்னும் ஆய்வில்தான் இருக்கின்றன. ரத்தத்தில் விட்ட துகள்களில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக்கொள்வது பெரிய முட்டுக்கட்டை. எத்தனை நாளில் அவை முழுக்கக் கரையும் என்பது துகளுக்குத் துகள் மாறுகிறது. "நானோ வந்தாச்சு, கீமோ போயாச்சு" என்ற தலைப்புகளை நம்பி நோயாளிகள் ஏமாறக் கூடாது.

இந்த ஓட்டத்தில் கொங்கு நாட்டுக்கு என்ன பங்கு? மீண்டும் உமிக்கே வர வேண்டும். பவானிசாகர், கொடிவேரி, காளிங்கராயன் தண்ணீரில் விளையும் நெல்லும், வெளியிலிருந்து வரும் நெல்லும் காங்கேயத்து அரிசி ஆலைகளுக்குப் போகின்றன. ஆயிரம் கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி. அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அந்தச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா! நெற்பயிர் மண்ணில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை வேரால் இழுத்து உமியில் கொண்டுபோய்க் கவசமாகப் பூசிக்கொள்கிறது. இப்படி இழுக்க உதவும் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006-ல்தான் அடையாளம் கண்டார்கள்.

திருச்செங்கோடு என்றால் மலைக்கோயிலுக்கு அடுத்தபடி ரிக் வண்டி. இந்தியா முழுக்கப் பூமியில் ஓட்டை போடும் ஊர். அதே ஊரில் கே.எஸ். ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரியின் நானோ மையத்தில் வெ. ராஜேந்திரன் தலைமையிலான குழுவினர் உமியிலிருந்து நானோ சிலிக்கா எடுக்கும் எளிய முறை ஒன்றை வெளியிட்டார்கள். உமியை அமிலத்தில் கழுவி எரிப்பது, சாம்பலைக் காஸ்டிக் சோடாவில் கரைப்பது, அமிலம் விட்டு சிலிக்காவைத் திரும்பப் படிய வைப்பது, இதுதான் முறை. கிடைத்த பொடியின் தூய்மை 99.9 சதவீதம், துகள் சராசரியாக 25 நானோமீட்டர், கிராமுக்கு 274 சதுர மீட்டர் பரப்பு. அதாவது ஒரு கிராமுக்குள் ஏழு சென்ட் மனை. எம்.சி.எம்-41-ன் கால் ஏக்கர் இல்லைதான். ஆனால் இது ஆலைக் கழிவிலிருந்து வந்தது.

அந்தக் குழுவினர் அதை மருந்துக்குக் கொண்டு போகவில்லை, காட்டுக்குக் கொண்டு போனார்கள். துளையுள்ள சிலிக்கா நானோ துகள்களை மண்ணில் கலந்து மக்காச்சோளம் விளைவித்து, பயிர் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று 2012-ல் கட்டுரை வெளியிட்டார்கள். கொங்கு நாட்டுப் புத்தி முதலில் பயிரைத்தான் நினைக்கும் போலும். உமிச் சிலிக்கா மனித செல்களுக்கு ஒத்துப்போகிறதா என்ற சோதனையை ரியாத் நகரின் மன்னர் சவூத் பல்கலைக்கழகத்தில் செய்து 2015-ல் வெளியிட்டார்கள். சோப்புக் குச்சி முறையோடு உமிச் சிலிக்காவைச் சேர்த்து எம்.சி.எம்-41 செய்வதும் பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஆக, காங்கேயத்து உமிக்கும் மாட்ரிட் துளைக்கும் நடுவில் வேதியியல் தடை எதுவும் இல்லை.

தடை இருப்பது அடுப்பில். அமிலத்தில் கழுவாத உமியில் பொட்டாசியம் நிறைய. அது எரியும்போது சிலிக்காவை இளக்கி, கரியை உள்ளே பூட்டி, துளைகளை அடைத்துவிடும். சூடு 700, 800 டிகிரியைத் தாண்டி நீடித்தால் இன்னும் மோசம். சாதுவான சிலிக்கா அடுக்கு மாறி கிரிஸ்டோபலைட் என்ற படிகமாகிறது. நுரையீரலைப் பொறுத்தவரை அது ஃபவுண்டரித் தூசின் பங்காளி. ஆலை பாய்லரில் உமி எரிவது நீராவிக்காக, துளைக்காக அல்ல. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று அங்கே யாரும் பொடியை நினைத்து அளப்பதில்லை. ஒரே வயலின் உமி, கழுவி மிதமான சூட்டில் எரித்தால் மருந்து ஏற்றத் தகுந்த பொடி. கண்டபடி எரித்தால் சாம்பல் அள்ளும் ஆளின் நெஞ்சுக்குள் போய் உட்காரும் தூசு. இப்போதைக்கு அந்தச் சாம்பல் லாரி ஏறிச் செங்கல் சூளைக்கும் சிமெண்டுக்கும் போகிறது. அள்ளுகிறவர் முகத்தில் பெரும்பாலும் ஒரு துண்டுதான் கட்டியிருக்கிறது.